ஏற்காடு ஏற்றத்தில் வழுக்கும் பழைய ஆட்டோமேட்டிக்: கியர் பாக்ஸைக் கழற்றும் முன் வீட்டில் எதையெல்லாம் பார்க்கலாம்?

அஸ்தம்பட்டி வாசி:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 2010 ஐ10 ஆட்டோமேட்டிக் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். 82,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. அப்பாவுக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் இந்த வண்டிதான் அவருக்குக் கால். மாதம் இரண்டு முறை ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்வருவார்.

மூன்று வாரமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கோளாறு. வளைவில் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வண்டி நகராமல் ஒரு கணம் நிற்கிறது, பிறகு ‘டொக்’ என்று பிடித்துக்கொண்டு ஏறுகிறது. சமதரையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் காலையில் முதல் முறை ரிவர்ஸ் போட்டால் மூன்று நான்கு வினாடி கழித்துத்தான் வண்டி அசைகிறது.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர் பாக்ஸ் போய்விட்டது, கழற்றி மாற்ற 85,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. அந்தப் பணத்தைப் போடும் முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? வீட்டில் போர்ட்டிகோ இருக்கிறது, ஸ்பேனர் செட் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.

கொண்டலாம்பட்டி டிரைவர்:
முதலில் ஒன்று. விடை தெரியும் வரை அந்த வண்டியில் மலை ஏறாதீர்கள். பாதி மலையில் நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுத்துப்போகலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் பம்பைச் சுழற்றுவது இன்ஜின். இன்ஜின் ஓடாமல் முன் சக்கரம் உருண்டால் உள்ளே ஆயில் சுற்றாது, உலோகம் உலோகத்தைத் தின்னும். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து இழுக்க வேண்டும், அல்லது முழு வண்டியையும் மேலே ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். நல்ல கியர் பாக்ஸ் இப்படிக் கெட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய பட்டறைக்காரர்:
தம்பி, முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் சில கேள்விகள். இன்ஜின் இரையும்போது, அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் மேலே போகிறதா? முள் ஏறாமல் வண்டி திணறினால் அது கியர் பாக்ஸ் கோளாறே இல்லை. ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் காயில், சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைப்பு என்று இன்ஜின் பக்கம் தேட வேண்டும். முள் துள்ளி ஏறி, இழுவை மட்டும் இல்லாவிட்டால்தான் வழுக்கல்.

எல்லா வளைவிலும் வருகிறதா, இல்லை ஒரு பக்கம் திரும்பும்போது மட்டுமா? காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு ஏதாவது தெரிகிறதா? கடைசியாகக் கேட்கிறேன், கியர் ஆயில் டிப்ஸ்டிக்கை யாராவது உருவிப் பார்த்தார்களா?

அஸ்தம்பட்டி வாசி:
நன்றி ஐயா. முள் துள்ளுகிறது. 2,000-க்குப் பக்கத்தில் இருந்து 3,500 வரை போய்விட்டு, பிடித்தவுடன் இறங்குகிறது. நீங்கள் கேட்ட பிறகு அப்பாவிடம் விசாரித்தேன். “வலது பக்க வளைவில்தான் பெரும்பாலும்” என்றார். நான் இதைக் கவனிக்கவே இல்லை.

தரையில் சொட்டு இல்லை. டிப்ஸ்டிக்கை இன்று காலை வண்டியைக் கிளப்பும் முன் பார்த்தேன். அளவு நன்றாக மேலேயே இருக்கிறது. ஆகவே ஆயில் குறைவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பழைய பட்டறைக்காரர்:
அந்த அளவு செல்லாது. இன்ஜின் ஆயில் பார்க்கும் வழக்கத்தில் எல்லோரும் செய்கிற தவறு இது. இரவு முழுக்க வண்டி நிற்கும்போது டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குழாய்களிலும் இருக்கும் ஆயிலில் ஒரு பகுதி இறங்கி, கியர் பாக்ஸின் அடித்தட்டில் சேர்ந்துவிடும். அதில் டிப்ஸ்டிக்கை விட்டால் நிறைவாகத்தான் காட்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பம்ப் அந்த ஆயிலை மேலே அனுப்பிவிடும். அப்போது அடித்தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு.

உங்கள் வண்டிக்கு முறை இது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, ஆயில் 70, 80 டிகிரி வரை சூடாகட்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். இன்ஜினை அணைக்க வேண்டாம். பிரேக்கை மிதித்தபடி கியர் லிவரை ‘பி’ (பார்க்கிங்) முதல் ‘எல்’ (லோ) வரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்துங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வினாடி. அப்போதுதான் எல்லா வழிகளிலும் ஆயில் நிரம்பும். பிறகு ‘என்’ (நியூட்ரல்) அல்லது ‘பி’-யில் விட்டு, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். ‘ஹாட்’ என்று குறித்த பட்டைக்குள் இருக்க வேண்டும். கீழே இருக்கும் ‘சி’ குறி, குளிர்ந்த நிலையில் ஒரு குத்துமதிப்புக்குத்தான்.

துடைக்க நூல் பிரியும் பனியன் துணியைப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே ஆயிலை வழிபிரித்து அனுப்பும் வால்வு பாடியில் இருக்கும் துளைகள் மிகச் சிறியவை, ஒரு நூல் போதும் அடைக்க. வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் துடைத்து, அந்தக் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். ரேடியேட்டர் மின்விசிறி திடீரென்று சுழலும், சட்டைக்கையை மடித்துவிட்டுக் குனியுங்கள்.

சூரமங்கலம் ஹோண்டா:
படிப்பவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2002 அக்கார்ட் ஆட்டோமேட்டிக். அதற்கு முறை நேர்மாறு. சூடேற்றிய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, 60 முதல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டா ஆட்டோமேட்டிக் பெரும்பாலானவற்றுக்கும் இன்ஜினை அணைத்துப் பார்ப்பதுதான் வழி. ஆகவே அவரவர் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

சிவிடி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அதில் ஆர்பிஎம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவது இயல்பு. உள்ளே படிப்படியான கியர் கிடையாது, எஃகு பெல்ட்தான். அதை வழுக்கல் என்று நினைத்துப் பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கான ஆயிலும் வேறு, சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றவே கூடாது.

அஸ்தம்பட்டி வாசி:
ஐயா சொன்னபடியே செய்தேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை போய்த் திரும்பி வந்து, போர்ட்டிகோவில் ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது அளவெடுத்தேன். டிப்ஸ்டிக்கின் நுனியில் ஒரு நகக்கண் அளவுக்குத்தான் ஈரம். ‘ஹாட்’ பட்டை இருக்கட்டும், ‘சி’ குறியைக்கூடத் தொடவில்லை. நம்ப முடியாமல் மூன்று முறை துடைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் அதே அளவு.

டிஷ்யூ காகிதத்தில் விழுந்த சொட்டு கட்டங்காப்பி நிறம். ஓரத்தில் மட்டும் இலேசான சிவப்பு படர்ந்தது. நடுவில் மங்கலான ஒரு சாம்பல் வளையம். விரலில் தேய்த்தால் மணல் போல எதுவும் உறுத்தவில்லை. வாசனை கொஞ்சம் தீய்ந்தாற்போல இருக்கிறது, ஆனால் மூக்கைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை.

பழைய பட்டறைக்காரர்:
இப்போது கதை விளங்குகிறது. அடித்தட்டில் ஆயிலை உறிஞ்சும் வாய் தரையோடு இருக்கும். அளவு சரியாக இருந்தால் வண்டி எப்படிச் சாய்ந்தாலும் அந்த வாய் மூழ்கியே இருக்கும். குறைந்துபோனால், ஏற்றத்தில் ஆயில் பின்னால் ஒதுங்கும், வளைவில் வெளிப்பக்கமாக ஒதுங்கும். இரண்டும் சேரும் இடம் கொண்டை ஊசி வளைவு. உறிஞ்சும் வாய் ஒரு கணம் காற்றைக் குடிக்கிறது. காற்று கலந்தால் அழுத்தம் விழும், அழுத்தம் விழுந்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் இறுகாமல் வழுக்கும். ஆயில் திரும்பி வந்ததும் ‘டொக்’. ஒரு பக்க வளைவில் மட்டும் வருகிறது என்று உங்கள் அப்பா சொன்னாரே, அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு அதிகம். தட்டுகள் முழுக்கத் தேய்ந்திருந்தால் இடம், வலம் என்று அது பார்க்காது. காலையில் ரிவர்ஸ் தாமதமாக விழுவதும் இந்தக் குறைவோடு ஒத்துப்போகிறது. கியர் போட்டதும் ஒன்று, ஒன்றரை வினாடிக்குள் வண்டி பிடிக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் ஆயில் இன்ஜின் ஆயில் போல எரிந்து குறையாது. குறைந்தால் எங்கோ வெளியே போயிருக்கிறது. தரையில் சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. ஓடும்போது அழுத்தத்தில் கசிந்து, அடியில் இருக்கும் தகட்டில் வழிந்து, புழுதியில் ஊறிவிடும். ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள், பிறகு ஆக்சில் கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்து சீல்.

கூலன்ட் டப்பாவையும் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. கியர் ஆயில் குளிர்வது ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு அறையில். அது உள்ளே ஓட்டையாகிவிட்டால் தண்ணீரும் ஆயிலும் கலக்கும். ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் ஊறி உரிந்துவிடும்.

ஏற்காடு ஆசிரியை:
எங்கள் வீட்டில் நடந்தது உதவும் என்று எழுதுகிறேன். ஐந்து வருடங்களுக்கு முன் எங்கள் பழைய ஆட்டோமேட்டிக் வண்டியிலும் இப்படித்தான் அளவு குறைந்தது. கீழே சேலத்தில் ஒரு கடையில் ‘சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றுதான்’ என்று பவர் ஸ்டியரிங் ஆயிலைக் கொடுத்தார்கள், நாங்களும் ஊற்றிவிட்டோம். இரண்டு மாதத்தில் 50, 60 வேகத்தில் ரோட்டில் ரம்பப் பல் இருப்பது போன்ற அதிர்வு வந்துவிட்டது. ஆயிலை இரண்டு முறை மாற்றிய பிறகே சரியானது. டப்பாவின் மேல் இருக்கும் எழுத்தை உங்கள் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பழைய பட்டறைக்காரர்:
சகோதரி சொன்னது முக்கியம். இவர் வண்டிக்கு எஸ்பி-3 வகை ஏடிஎஃப். உராய்வைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் ஒவ்வொரு வகையிலும் வேறு வேறு, நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

அளவீட்டுக்காரன்:
அண்ணா, ஆயில் ஊற்றும் முன் ஸ்டால் டெஸ்ட் செய்து ஆதாரம் எடுத்துக்கொள்ளலாமே? பிரேக்கை முழுக்க மிதித்து, ‘டி’-யில் (டிரைவ்) முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. குறித்த அளவுக்கு மேல் போனால் வழுக்கல் உறுதி.

பழைய பட்டறைக்காரர்:
வேண்டாம். ஆயில் குறைவாக இருக்கும் கியர் பாக்ஸில் அந்தச் சோதனை செய்வது காய்ச்சல்காரனை ஓட விட்டுப் பார்ப்பது போல. அந்தச் சில வினாடிகளில் இன்ஜினின் சக்தி முழுவதும் ஆயிலில் வெப்பமாக இறங்கும். அளவு சரியான பிறகும், கையேட்டில் எண் தெரிந்தவர்கள் மட்டும், ஐந்து வினாடிக்கு மிகாமல், முன்னால் ஆளில்லாத இடத்தில் செய்யலாம். வீட்டு போர்ட்டிகோவில், முன்னால் சுவர் இருக்கும்போது கூடவே கூடாது. அந்தப் பழைய பிரேக் தாங்குமா என்று யாருக்குத் தெரியும்?

அளவீட்டுக்காரன்:
ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் என் ஸ்கேனரைத் தருகிறேன், அழகாபுரத்தில்தான் இருக்கிறேன். விலை மலிவான ஸ்கேனர்கள் இன்ஜின் கணினியை மட்டும் படித்துவிட்டு ‘கோளாறு இல்லை’ என்று காட்டும், கியர் பாக்ஸ் கணினியைத் தொடாது. என்னுடையது இரண்டையும் படிக்கும். பி0731 முதல் பி0734 வரை ஏதாவது பதிவாகியிருந்தால் முறையே ஒன்று முதல் நான்காம் கியர் வரை விகிதம் பொருந்தவில்லை என்று அர்த்தம். உள்ளே போகும் சுழற்சியையும் வெளியே வரும் சுழற்சியையும் இரண்டு சென்சார்கள் எண்ணுகின்றன, கணக்கு உதைத்தால் கணினி குறித்துவைக்கும். எல்லாக் கியரிலும் சிதறி வந்தால் அழுத்தக் குறைவு என்று சந்தேகிக்கலாம். ஒரே கியரில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கியரின் கிளட்ச்.

அஸ்தம்பட்டி வாசி:
கசிவு கிடைத்துவிட்டது!

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் கீழே படுத்தேன். ரேடியேட்டரின் அடியில் சேரும் ஹோஸ் ஒன்றில், கிளாம்புக்கு ஒட்டி, ரப்பர் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கிறது. கிளாம்பைச் சுற்றிக் களிம்பு அப்பியது போலப் புழுதியும் ஆயிலும் விரற்கடை கனத்துக்குக் கட்டியிருந்தன. சுரண்டித் துடைத்துவிட்டு, கீழே வெள்ளைக் காகிதம் விரித்து, இன்ஜினை ஓட விட்டுக் காத்திருந்தேன். ஏழாவது நிமிடம் கிளாம்பின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. விழவில்லை, ஹோஸின் அடிவயிற்றில் ஊர்ந்து போய்த் தகட்டில் மறைந்துவிட்டது. தரையில் ஏன் சொட்டே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

கூலன்ட் பச்சை நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. ஸ்கேனரில் பி0732-ம் பி0733-ம் பழைய பதிவாக இருந்தன. அழகாபுரம் நண்பருக்கு நன்றி, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கே வந்தார்.

இரண்டு ஹோஸ்களையும் மாற்றி, புதிய கிளாம்ப் போட்டேன். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் வேண்டாம், சூடான ஆயிலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கினேன். பிறகு டிப்ஸ்டிக் குழாய் வழியாக நீண்ட புனலில் எஸ்பி-3 ஆயிலை 200 மில்லி, 200 மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சூட்டில் அளவு பார்த்தேன். ‘ஹாட்’ பட்டைக்கு வர 900 மில்லி தேவைப்பட்டது.

கொண்டலாம்பட்டி டிரைவர்:
900 மில்லியா! இவ்வளவு குறைவோடு அப்பா மலை ஏறி இறங்கியிருக்கிறார். அளவுக்கு மேலும் ஊற்றிவிடாதீர்கள் தம்பி. அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை வந்தால் மறுபடி அதே வழுக்கல்தான்.

சூரமங்கலம் ஹோண்டா:
மீதி இருக்கும் கறுத்த ஆயிலையும் மாற்றிவிடலாமே? ஆனால் பழைய ஆயிலை மாற்றினால் கியர் பாக்ஸ் மொத்தமாக நின்றுவிடும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா?

பழைய பட்டறைக்காரர்:
நின்றுபோன வண்டிகள் உண்டு, மறுக்க மாட்டேன். தட்டுகள் தேய்ந்து, தூள் முழுக்க ஆயிலில் மிதக்கும் நிலையில், கடைசி நேரத்தில்தான் பலர் ஆயில் மாற்ற வருகிறார்கள். அது ஏற்கெனவே போன கேஸ், பழி புது ஆயில் மேல் விழுகிறது. இவர் வண்டி அந்த நிலையில் இல்லை. காகிதத்தில் ஓரச் சிவப்பு தெரிகிறது, பொடி உறுத்தவில்லை.

ஆனால் இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவும் வேலை வேண்டாம். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் பாதிக்கும் குறைவாகத்தான் வடியும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அது நமக்கு நல்லதே. வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டி, இன்னொரு முறை செய்யுங்கள். வடிப்பது சூடான ஆயில், கையைச் சுட்டுவிடும், அரை மணி ஆறவிடுங்கள். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். உலோகத் தூளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் வெண்ணெய் போல மென்மையான சாம்பல் பசை இருந்தால் அது வயதின் தேய்மானம். செதில், கம்பித் துண்டு தெரிந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.

அஸ்தம்பட்டி வாசி:
வடித்தேன். இரண்டு தண்ணீர் பாட்டில்களில் பிடித்து அளந்தேன், மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. காந்தத்தில் பசை மட்டும்தான். அதே அளவு புதிய ஆயில் ஊற்றியாயிற்று. ரிவர்ஸ் இப்போது ஒரு வினாடியில் விழுகிறது. மலைக்குப் போய்ச் சோதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய பட்டறைக்காரர்:
லிவரை ‘2’-இல் வைத்து ஏறுங்கள், கணினி அடிக்கடி கியர் மாற்றி உங்களைக் குழப்பாது. கூட வருபவர் முள்ளைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. கியர் இறங்கும்போதும் முள் துள்ளும், ஆனால் உடனே இழுவை கூடும். அது வழுக்கல் இல்லை. நேர்ரோட்டில் மேல் கியரில் போகும்போது ஏற்றம் வந்தால் சில நூறு ஆர்பிஎம் மட்டும் மெல்ல ஏறும், அது டார்க் கன்வெர்ட்டரை நேரடியாக இணைத்திருக்கும் பூட்டுத் திறப்பது. முள் ஏறியும் வண்டி முன்னே போகாத இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் சூட்டில் இன்னொரு முறை அளவு பாருங்கள். இறங்கும்போது ‘2’, செங்குத்தில் ‘எல்’. ‘என்’-இல் போட்டு உருள விடாதீர்கள், இன்ஜின் பிடிமானம் போய் முழுப் பளுவும் பிரேக்கின் தலையில் விழும்.

ஏற்காடு ஆசிரியை:
ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். சுற்றுலா வண்டிகள் வளைவில் நின்று நின்று போகும், சோதனைக்கு ஒரே வேகம் கிடைக்காது. வார நாளில் காலை ஆறரைக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிட்டால் ரோடு காலியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி வாசி:
புதன்கிழமை காலை ஏறினோம். நான் ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பள்ளி நோட்டில் 20 வளைவுகளுக்கும் கட்டம் போட்டு எழுதினார். அப்பா பின்சீட்டில் இருந்து ஒவ்வொரு வளைவுக்கும் “இப்போது வரும், இப்போது வரும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வரவில்லை. முதல் 16 வளைவுகளில் அக்காவின் கட்டங்களில் வெறும் சரிக்குறி. 17-ஆவது வளைவில், முன்னால் போன காய்கறி லாரிக்காக நின்று கிளம்பியபோது, முள் 2,800 வரை போய் அரை வினாடி தயங்கியது. பிறகு இல்லை. மேலே அக்கா வீட்டு வாசலில் சமதளம் பார்த்து அளவெடுத்தேன், ‘ஹாட்’ பட்டையின் நடுவில் நின்றது. ஹோஸ் கிளாம்பைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தால் துடைத்தேன், காகிதம் வெள்ளையாகவே வந்தது.

அந்த ஒரு தயக்கம் பற்றி என்ன நினைக்கிறீர்கள் ஐயா?

பழைய பட்டறைக்காரர்:
ஆயில் இல்லாமல் வழுக்கிய மூன்று வாரத்தில் தட்டுகள் கொஞ்சம் பொசுங்கித்தான் இருக்கும். அதை ஆயில் திருப்பித் தராது. நின்று கிளம்பும் ஏற்றத்தில், நல்ல சூட்டில், முழு ஆள் பாரத்தோடு ஒருமுறை தயங்கியது பெரிய குற்றம் இல்லை. இரண்டாவது முறை ஆயில் மாற்றிய பிறகு அதே நோட்டில் இன்னொரு பக்கம் கட்டம் போடச் சொல்லுங்கள். தயக்கம் கூடினால் அப்போது கழற்றுவதைப் பேசலாம், நானே நல்ல கையாகப் பார்த்துச் சொல்கிறேன். குறைந்தாலோ அப்படியே நின்றாலோ அப்பா ஓட்டட்டும்.

அஸ்தம்பட்டி வாசி:
இரண்டாவது மாற்றமும் முடிந்தது, 540 கிலோமீட்டரில். வடிந்த ஆயில் இந்த முறை தேன் நிறம். நேற்று அப்பாவே ஓட்டினார், அக்கா மறுபடி நோட்டோடு உட்கார்ந்தார். 20 கட்டத்திலும் சரிக்குறி. ஸ்கேனரில் பதிவு எதுவும் திரும்ப வரவில்லை. முதலில் 85,000 ரூபாய் ஆகும் என்று சொன்ன அந்தப் பட்டறைக்காரருக்கும் போன் செய்து ஹோஸ் வெடித்திருந்ததைச் சொன்னேன். அடுத்த வண்டி வந்தால் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதாகச் சொன்னார்.